இரண்டாவது தாள்

பொய்யான அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான். யாரும் என்னை மிரட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் எனக்காக ஒரு காரணம் தேடிவிடக் கூடாது.

தாம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. புகைபோக்கியில் ஏறி, புகையில் எவ்வளவு தூசி வெளியேறுகிறது என்று அளப்பேன். படப்பைக்கு அப்பால் இருந்த சிறிய நிலக்கரி மின்நிலையம் ஒன்றின் மேல் புகார் வந்தது. கொடுத்தவர் ஸ்டெல்லா அக்கா. மதிலுக்குப் பின்னால் வீடு, தையல் வேலை. தைத்து வைத்த வெள்ளைச் சீருடைகளில் சாம்பல் படிகிறது, மகளுக்கு மூச்சு இரைக்கிறது என்று எழுதியிருந்தார்.

நான் உள்ளே போகும்போது வாசலில் நின்றிருந்தார். "பாத்தத பாத்தபடி எழுதுங்க சார், அது போதும்."

ஏறினேன். தூசி பிடிக்கும் வடிதாள் சில நிமிடங்களிலேயே கறுத்துவிட்டது! சாம்பலைத் தடுக்கும் இயந்திரம் நின்றிருந்தது. சட்டம் கேட்டதென்று வாங்கியிருந்தார்கள். மின்சாரம் இழுக்கிறதென்று ஓட்டுவதில்லை. நிலைய மேலாளர் பதறவில்லை. இயந்திரத்தை ஓடவிடுகிறோம், சாப்பிட்டுவிட்டு மறுபடி அளந்துகொள்ளுங்கள் என்றார், வெகு சாதாரணமாக.

சாப்பிட்டேன்... மறுபடி அளந்தேன். இரண்டாவது தாளை மட்டும் கொண்டுபோனேன். எல்லாம் விதிக்குள் இருந்தது. எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான உண்மை!

புகார் தள்ளுபடியானது.

ஏன் செய்தேன்? ஒரு மனிதரின் முகம் கோணக் கூடாதென்றா? வம்பு எதற்கென்றா?

அதைவிடப் பெரிய தவறு பிறகுதான் நடந்தது. சில மாதங்கள் கழித்துத் தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் ஸ்டெல்லா அக்காவே என்னை அடையாளம் கண்டு வந்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட... தெருவில் எல்லோரும் சிரித்ததாகவும், மகளை மாடம்பாக்கத்தில் தங்கை வீட்டில் விட்டிருப்பதாகவும் சொன்னார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"என் கண்ணுதான் தப்பா சார்? மெஷின் பொய் சொல்லாதுல்ல?"

பக்கத்தில் யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது.

"சொல்லாதுக்கா," என்றேன்.

தலையசைத்தார். வீணாக அலைய வைத்ததற்கு மன்னிக்கச் சொன்னார். என்னிடம்! படப்பைப் பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

நான் இன்னும் அதே கூடத்தில்தான் இருக்கிறேன். மகள் வீடு திரும்பினாளா, தெரியாது. அந்தத் தெருப் பக்கம் போய் விசாரிக்கவும் துணிவில்லை. அந்த மின்நிலையத்தில் இந்த ஆண்டுப் பரிசோதனை வருகிறது... என்னைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.