ஆதார் பிறந்தநாளுக்கு வந்த பொக்கே

மூன்று வருடம் இருக்கும். பள்ளிக்கூடம் திறந்து, ஊரே நோட்டும் பையுமாக அலைந்துகொண்டிருந்த ஜூன் மாதம். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் பொக்கே கடை போட்டு அப்போதுதான் ஒரு வருடம் முடிந்திருந்தது. ஏலக்காய் ஊரில் பொக்கே விற்கப் போகிறாளாம் என்று என் சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது தனிக் கதை. தலையிலும் வைக்காமல், சாமிக்கும் போடாமல், கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு பூவா என்று கேட்டார்கள். அப்புறம் அவர்களேதான் ரிட்டயர்மென்ட், ரிசப்ஷன், கடைத் திறப்பு, காதுகுத்து என்று வந்து நின்றார்கள்.

ரோஜாவும் ஜெர்பராவும் காலை பஸ்சில் பெட்டியாக வந்து இறங்கும். ஊருக்குள் என்றால் கட்டி முடித்து நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மலைக்கு என்றால் தண்டில் ஈரத்துணி சுற்றி போடிமெட்டு ஜீப்பில் ஏற்றிவிடுவேன். கொடுத்த கையோடு, பூவை வாங்கியவரை ஒரு போட்டோ எடுத்து ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் போட்டோதான் உயிர். அம்மா சிரிச்சாங்களா, அழுதாங்களா, என்ன சொன்னாங்க என்று துளைத்து எடுத்துவிடுவார்கள்.

அந்த ஜூனில் வாட்ஸ்அப்பில் புதிய எண்ணிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அட்டையில் பேர் வேண்டாம், 'பிறந்தநாள் வாழ்த்துகள், இப்படிக்கு நலம் விரும்பி' என்று எழுதினால் போதும் என்றார்கள். குரங்கணி போகிற ரோட்டில், ஊர் முடிந்து தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் தனியாக நிற்கிற வீடு. வெளியே வெயிலில் போட்டோ நன்றாக வராது, வீட்டுக்குள் வைத்து எடுங்கள் என்று ஒரு குறிப்பும் இருந்தது. பணம் உடனே வந்துவிட்டது. வேறென்ன வேண்டும் எனக்கு?

கதவைத் திறந்தது என் வயதுப் பெண். பொக்கேயைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. "எனக்கா?" என்றார். அட்டையைப் படித்துவிட்டு "இன்னைக்கா?" என்றார். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். வீடு முழுக்க ஏலக்காய் வாசம். கூடத்து மூலையில் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. போன பறிப்பில் எடுத்தது, விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறார்கள். போடியில் தோட்டம் வைத்திருக்கிற பாதி வீடுகள் இப்படித்தான். அவருடைய கணவர் கேரள எல்லை தாண்டி மேலே தோட்டத்தில் தங்கியிருப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கினால் திங்கள் காலையில் ஏறிவிடுவார். மகள் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். மகள்தான் விளையாட்டுக்கு அனுப்பியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். சிரிப்பே வரவில்லை.

போட்டோவை அனுப்பினேன். அவங்க வீட்டு அண்ணன் இருந்தாரா என்று பதில் வந்தது. இல்லை, மலையில் இருக்கிறார், சனிக்கிழமைதான் வருவாராம் என்று நானும் வெள்ளந்தியாகத் தட்டிவிட்டேன். அன்றைக்கு முழுக்க என் மனசு சும்மா இருக்கவில்லை. நலம் விரும்பியாம், பேர் கிடையாதாம், புருஷன் மலையிலாம், பூவைப் பார்த்ததும் முகம் வெளுக்குதாம். கண், காது, மூக்கு வைத்து ஒரு முழு சீரியலை நானே ஓட்டிவிட்டேன். அந்தச் சீரியலில் யார் கதாநாயகி என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆர்டர் ஆடிப்பெருக்குக்கு வந்தது. ஆடிப்பெருக்குக்குப் பொக்கே அனுப்புகிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதே வீடு, அதே நலம் விரும்பி. தனி வீடாக இருக்கிறதே, நாய் கீய் இருந்தால் கடித்துவிடப் போகிறது, பார்த்துப் போங்கள் அக்கா என்று அக்கறையாக எழுதியிருந்தான். நாயெல்லாம் இல்லை தம்பி என்று பதில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எதிர்த் தோப்பில் மாடு கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னையும் பொக்கேயையும் மேலும் கீழும் பார்த்தார். "மறுபடியும் பூவா? ஆருத்தா அனுப்புறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு சிரிப்புச் சிரித்தார். என் மனசில் ஓடிய சீரியல் அந்தத் தோப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

அந்தப் பெண் இந்தத் தடவை பூவைத் தொடவே இல்லை. இரண்டே மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். தான் அனுப்பவில்லை என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

"இனிமே கொண்டாராதீக அக்கா. அவரு எறங்கி வந்தப்ப பூவப் பாத்துட்டாரு. ஆரு குடுத்ததுன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டாக்கூடப் பரவால்ல. சோத்தத் தின்னுட்டு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு" என்றார்.

அனுப்பியவன் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். என் கண் முன்னாலேயே கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்றதால், பொக்கேயைப் பின்வாசல் கதவுக்குப் பக்கத்து மேசையில் வைத்து எடுத்து அனுப்பினேன். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெருப்பில்லாமலா என்ற நினைப்பு எனக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆவணியில் மூன்றாவது ஆர்டர் வந்தது. இருப்பதிலேயே பெரிய பொக்கே, மறுநாள் மதியத்துக்கு. இனிமேல் அந்த வீட்டுக்குக் கிடையாது என்று எழுதப் போனேன். அதற்குள் அடுத்த செய்தி வந்தது. இந்தத் தடவை நீங்கள் அலைய வேண்டாம், எங்கள் ஆள் கடைக்கு வந்து வாங்கிக்கொள்வார், உங்கள் கடைப் பேர் போட்ட பையில் போட்டுக் கொடுங்கள் என்றிருந்தது. அதற்கடுத்தது: "கடையிலேர்ந்துதான் ஆள் வர்றாருன்னு அவங்களுக்கு போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க அக்கா. அப்பத்தான் கதவைத் திறப்பாங்க."

கதவைத் திறப்பாங்க. அந்த வார்த்தையை மறுபடி மறுபடி படித்தேன். பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பூ எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூட அவன் கேட்கவில்லை. அவர் சிரித்தாரா என்று கேட்கவில்லை. புருஷன் இருக்கிறாரா, நாய் இருக்கிறதா, வீட்டுக்குள் எடுத்த போட்டோ எங்கே, அவ்வளவுதான். பிரியமாகப் பூ அனுப்புகிறவர்கள் முகத்தைக் கேட்பார்கள். இவன் வீட்டைக் கேட்டிருக்கிறான்.

கடையைப் பாதி ஷட்டரில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே, பூ கொண்டு வந்திருந்தால் அப்படியே திரும்பிப் போகச் சொன்னார். பூ இல்லை, ஒரே ஒரு கேள்விதான் என்று கெஞ்சி உள்ளே போனேன். உங்கள் பிறந்தநாள் தெரிந்த ஆள்தான் இவன், நன்றாக யோசியுங்கள் என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது எனக்குப் பொறந்த நாளே இல்ல அக்கா. நான் பொறந்தது தை மாசம், பூச நட்சத்திரம். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஹெட்மாஸ்டரு வயசு பத்தலன்னு ஜூன்ல ஒரு தேதியப் போட்டு விட்டாரு. அதுதேன் எல்லாத்துலயும் ஓடுது."

நம்மில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பிறந்தநாள் இருக்கும். எனக்கே இருக்கிறது. வீட்டு மனுஷர்களுக்கு நட்சத்திரம் தெரியும். ஜூன் மாதத் தேதியை எந்தச் சொந்தமும் எந்தச் சிநேகிதமும் கொண்டாடாது. அந்தத் தேதிக்கு ஒருவன் வாழ்த்து அனுப்புகிறான் என்றால், அவன் இவரைப் பார்த்துப் பழகியவன் இல்லை, இவருடைய ஆதார் கார்டைப் பார்த்தவன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இது உறைத்தது. ஆதாரை யாரிடம் கொடுத்தோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். சித்திரை மாதத்தில் மொட்டைமாடியில் சோலார் மாட்டித் தருகிறோம் என்று ஒரு ஆள் வந்தானாம். கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தானாம். ஆதாரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனவன் அப்புறம் வரவே இல்லையாம்.

உடனே கணவருக்குப் போன் போடுங்கள் என்றேன். போட மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பூவைப் பற்றிப் பேச்செடுத்தாலே தன்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று பயம். வீட்டுக்குள் திருடன் வருவதைவிட அந்தப் பயம் அவருக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி நானே பேசினேன். அந்தப் பக்கம் முதலில் விறைப்பாக, யார் நீங்கள் என்று குரல் வந்தது. ஒன்று விடாமல் சொன்னேன். ஆதார் விஷயம் வந்ததும் குரலில் இருந்த விறைப்பு போனது. பிறகு, "அவளத் தனியா விட்டுட்டுப் போயிராதீக. நான் எறங்கி வர்றேன்" என்றார்.

அவர் வந்து சேர்ந்ததும் மூன்று பேருமாகப் போய் ஸ்டேஷனில் சொன்னோம். அவர்கள் போட்ட திட்டப்படி நான் ஆர்டருக்குச் சரி என்று பதில் அனுப்பினேன். மறுநாள் என் கடைக்கு எதிர் டீக்கடையில் சாதாரண உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்தார்கள். வருகிறவனை அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிற வரை நிறுத்தி வைப்பதுதான் என் வேலை.

அவன் வந்தான். முரடனாக ஒருத்தனை எதிர்பார்த்திருந்தேன்; இவனோ நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட சட்டை, வாய் நிறைய அக்கா. பேச்சும் நம்ம பக்கத்துப் பேச்சு. நான் கட்டிய பொக்கேயைப் பிரித்தேன். தண்டை மறுபடி நறுக்கினேன். ரிப்பன் நிறம் சரியில்லை என்று வேறு ரிப்பனைத் தேடினேன். கண் டீக்கடையிலேயே இருந்ததில் ரோஜா முள் விரலில் ஏறியது. "பாத்துக்கா, ரத்தம் வருது" என்று அவனே துணி எடுத்துக் கொடுத்தான். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

"வெரசா குடுங்கக்கா, சோலி கெடக்கு" என்றான். டீக்கடையில் ஒருவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார், அதுதான் சைகை. கொடுத்தேன். என் கடைப் பேர் போட்ட பையை வண்டியில் மாட்டிக்கொண்டு அவன் கிளம்பினான்.

மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கதவைத் தட்டி, பொக்கே வந்திருக்குக்கா என்றானாம். திறந்தது கணவர். பின்னால் வந்த போலீசார் பிடித்துக்கொண்டார்கள். பூவுக்கு அடியில் கத்தியும் அகலமான டேப்பும் இருந்தன. தோப்பு ஓரத்தில் வேனோடு நின்ற இன்னொருவனும் சிக்கினான். வந்தவன் சோலார் ஆளேதான். அவன் போனில் இருந்த இரண்டு போட்டோக்களை என்னிடம் காட்டினார்கள். ஒன்றில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கிய மூலை, இன்னொன்றில் பின்வாசல் தாழ்ப்பாள். இரண்டும் நான் எடுத்தவை.

சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் கூட்டம், எதிர்த் தோப்பு அம்மாவும் நின்றார். பாவம் புள்ள, தப்பிச்சிட்டா என்று ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு, முன்னாடியே தன்னிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் நிமிர்ந்தார். "என்னத்தச் சொல்ல? அனுப்புனவன் ஆருன்னு நீங்க கேக்கலியே. வாங்குனவ எப்பேர்ப்பட்டவன்னுதேன பாத்தீக. நீங்க மட்டுமா? எல்லாரும்." எல்லாரும் என்றபோது என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

 கணவர் எழுந்து போய், எல்லார் முன்னாலும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது வீட்டுக்குள் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டேன், பேர் சொல்லாதவர்களின் ஆர்டரையும் எடுப்பதில்லை. ஆனால், அவர் பார்த்த அந்தப் பார்வை மட்டும் இன்னும் என்னை விடவில்லை. எந்த வீட்டிலாவது ஒரு பெண் பூவை வாங்கும்போது முகம் வெளுத்தால், என்னம்மா பயம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வாசலைவிட்டு நான் இறங்குவதே இல்லை.