ஜீவாமிர்தம் பட்ட பட்டுச்சேலை

இன்று என் உரையைவிட என் சேலைக்குத்தான் பாராட்டு குவிந்தது, நண்பர்களே!

காலையில் மைசூரு பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஹனூர்க்கார சரோஜாக்கா. காலடியில் ஒரு கேன். சாணம், கோமியம், வெல்லம், கடலைமாவு எல்லாம் கலந்து புளிக்கவைத்த ஜீவாமிர்தம், பயிருக்கு ஊற்றும் இயற்கை உரம். கேனின் வாயில் துணி மட்டும் கட்டியிருந்தார்.

"வாசனெ பருத்தெ, முச்சளா டைட் மாடம்மா!" என்று மூடியை இறுக்கச் சொன்னார் கண்டக்டர், கன்னடத்தில்.

"இறுக்கி மூடுனா வெடிக்குமுங்க!" என்றார் அக்கா.

கண்டக்டர் கேட்கவில்லை. அக்கா மூடினார். நரசீபுரா தாண்டியதும் டப்பென்று மூடி பறந்தது. பாதி தரையில், மீதி என்மேல்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொம்பளை விவசாயிக பயிற்சியில காட்டத்தானுங்க கொண்டாந்தேன். எங்கூர்ல ஆரும் இதை நம்பறதில்லீங்க."

அதே பயிற்சியில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசப்போவது நான்தான்!

அரங்கில் நுழைந்தோம். ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. முன்வரிசைப் பெண் ஒருவர் என் முந்தானையை இழுத்து முகர்ந்தார். "அருமையாப் புளிச்சிருக்குது! ஆரு கைப்பக்குவமுங்க?"

அக்காவைக் காட்டினேன். அவ்வளவுதான். மைக் அவர் கைக்குப் போய்விட்டது. அவர் அளவு சொல்லச் சொல்ல அரங்கமே எழுதிக்கொண்டது. முந்தானை மட்டும் வரிசை வரிசையாகச் சுற்றியது, பின்னாலேயே நானும். என் ஸ்லைடு ஒன்றுகூட ஓடவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

கிளம்பும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கூருக்கும் ஒருக்கா வாங்க. இதே சேலையில வாங்க, தொவைச்சுப்போடாதீங்க."

சேலை இப்போது பால்கனியில் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் வாசனை தாங்காமல் வாசலிலேயே நிற்கிறார்.

துவைக்கட்டுமா, வேண்டாமா?