வலது மூலைக் குழாய்

விடிகாலை நாலரை மணிக்கு லூர்துராணியின் வலது கைதான் முதலில் விழித்துக்கொள்ளும். கண்ணைத் திறக்காமலே பக்கத்துக் கட்டிலுக்குக் கையை நீட்டுவாள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி, கணவரின் இடுப்புக்கு நேராகக் காற்று மெத்தைக்கு அடியில் நுழைப்பாள். கைக்கும் அவர் எலும்புக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்குக் காற்று தட்டுப்பட்டால் சரி. எலும்பே வந்து இடித்தால் மெத்தையின் மோட்டார் நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு எழுந்து நாலு எட்டு நடந்து, மீன்தொட்டிக்குக் கீழேயுள்ள மர அலமாரியின் கதவில் அதே கையை வைப்பாள். உள்ளே பம்ப் ஓடும் நடுக்கம் விரலில் ஏறும். இரண்டும் ஓடுகின்றன என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போடும்.

அற்புதசாமி படுக்கையில் விழுந்து ஓராண்டு ஆகப்போகிறது. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு காட்டூர் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்துக்குத் தொட்டி கட்டி, தட்டுபோல் அகன்ற சில்வர் டாலர் மீன்கள் பதினொன்று விட்டார். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போனபோது, கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போடச் சொன்னது லூர்துராணிதான். பார்த்துக்கொண்டாவது கிடக்கட்டும் என்று.

ஆனால் அவர் பார்ப்பதாகத் தெரியவில்லை. தினமும் காலையில் குழறும் நாக்கோடு, "ராணி, மீன் எங்க?" என்பார்.

"கண்ணு முன்னாலதாங்க இருக்கு."

"இல்லையே."

முதல் மாதங்களில் தொட்டியைத் தட்டிக் காட்டினாள். பிறகு சலித்து, "இருக்கு, இருக்கு" என்பதோடு சரி. நினைவு கலங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டாள். தட்டில் இரண்டு இட்லி வைத்தால் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை அப்படியே விடுவார். அது பிடிவாதம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு, எட்டு மணிக்கு வீட்டு வேலைக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளவும் வேலம்மாள் வந்ததும் அவரை ஒப்படைத்து ஓடுவாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, காவிரிப் பாலம் ஏறும்போது தூங்கி, அம்மா மண்டபம் ஸ்டாப்பில் விழிப்பாள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தூக்கம்தான்.

தொல்லை மாதாந்திர மின்தடையில் வந்தது. காலை ஒன்பதே முக்காலிலிருந்து நாலு மணி வரை கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் ஒரு மணிக்கே படுத்துவிட்டது. மெத்தை தட்டையாகி, மூன்று மணி நேரம் பலகையில் கிடந்ததுபோல் கிடந்தார். மறுநாள் இடுப்பில் சிவந்திருந்தது. நாலாம் நாள் தோல் உரிந்தது.

கட்டுப் போட வந்த நர்ஸ், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆஸ்பத்திரிதாங்க. வீட்ல வெச்சுப் பார்க்க முடியாது" என்றாள்.

பேட்டரியைத் தின்றது எது என்று தேடிப் பார்த்ததில் பம்ப் அகப்பட்டது. அலமாரிக்குள் இருக்கும் அடித்தொட்டியில் வடிகட்டிய தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்ப். நூற்றுப் பத்து வாட். மெத்தை மோட்டார் வெறும் பத்து.

வேலம்மாள் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "மீனுக்கும் காத்து, ஐயாவுக்கும் காத்து. நமக்குத்தாங்க்கா ஒரு காத்தும் இல்ல."

அன்று மாலை லூர்துராணி தென்னூரில் இறங்கினாள். அற்புதசாமி பத்து வருடமாக மீன் வாங்கிய கடையை இப்போது பஸீலா நடத்துகிறாள்.

"தொட்டிய எடுத்துக்கம்மா. மீனையும் சேர்த்து."

"சாரைக் கேட்டீங்களாக்கா?"

"அவருக்கு மீன் இருக்கிறதே தெரியல."

"அப்பிடிச் சொல்லாதீங்க. ஒவ்வொரு மீனுக்கும் பேரு வெச்ச மனுஷன். உங்களுக்கு ஏதாச்சும் செல்லப் பேரு வெச்சாரா?"

"வெச்சாரு. 'ஏய்'னு."

பஸீலா சிரித்தாள். பம்ப் பேட்டரியைத் தின்ற கதையைக் கேட்டுவிட்டு, சின்ன பம்பாக மாற்றிப் பார்க்கலாம் என்று கடை அலமாரியைத் திறந்தாள். லூர்துராணி பம்ப் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்து, மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு பெரிதாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்தாள். பஸீலா அதைப் பிடுங்கி வைத்தாள். "பெட்டியில போட்டிருக்கிறது தரையோட தரையா ஓட்டினா வர்ற தண்ணி. மேல ஏறணும்னா பாதி போயிடும். உங்க வீட்டுக் குழாயைப் பார்க்காம நான் பம்ப் தர மாட்டேன். பார்த்தும் சரிப்படலேன்னா தொட்டிய நானே தூக்கிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்துராணி வருவதற்குள் பஸீலாவின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. அவள் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தாள்.

"யாருக்கா இந்தக் குழாயை ஓட்டினது?"

"அவருதான். ஏன்?"

"பம்ப் வலது ஓரத்துல இருக்கு. தண்ணியை நேரா மேல ஏத்தாம, பின்பக்கமா ஆறடி இழுத்து இடது மூலைக்குக் கொண்டுபோயிருக்காரு. அஞ்சு எல்போ. திரும்புற இடத்துல எல்லாம் தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும், பம்ப் எப்பிடிக் கம்மியா குடிக்கும்?"

லூர்துராணிக்குக் காரணம் தெரியும். இடது பக்கம்தான் ஜன்னலோரம், அவருடைய நாற்காலி அங்கேதான் இருந்தது. தண்ணீர் வந்து விழும் இடத்தில் மீன்கள் எதிர்நீச்சல் போட்டபடி கூட்டமாக நிற்கும். நாற்காலியை ஒட்டி அவை நிற்க வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்கக் குனிந்து அவர் ஓட்டிய குழாய் அது. அறுப்பதற்கு மனசு வரவில்லை. கட்டிலைப் பார்த்தாள். அவர் தொட்டியின் வலது கோடியில் வெறும் கல்லைப் பார்த்துக் கிடந்தார்.

"அறுத்துடு" என்றாள்.

பஸீலா வலது மூலையிலேயே நேராக ஒரு குழாயை ஏற்றினாள். ஒரே ஒரு வளைவு. முப்பத்தைந்து வாட் பம்ப் போதுமானதாக இருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பெட்டியும் அதோடு வந்தது. "கரண்ட் போனா ரெண்டுல வெச்சிருங்க. மீனு மூச்சு விடும், பேட்டரியும் தாங்கும்."

இடது மூலையில் நின்ற மீன்கள் கொஞ்ச நேரம் அங்கேயே குழம்பித் திரிந்தன. பஸீலா தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றாக வலது மூலைக்கு வந்து சேர்ந்தன.

அடுத்த மின்தடையன்று லூர்துராணி பள்ளிக்கூடத்திலிருந்து வேலம்மாளுக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்றாவது முறை மூன்றரை மணிக்கு.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"மெத்தை?"

"கைய விட்டுப் பார்த்துட்டேன், மெத்துனு இருக்கு. ஐயாதான் காலைல இருந்து மீனை எண்ணிக்கிட்டே இருக்காரு. ஒண்ணு ரெண்டுன்னு என் உயிரை வாங்குறாரு."

"சரியா எண்ணுறாரா?"

"பதினொண்ணு. அத்தனையும் சரி."

குழாயை மாற்றிய நாளிலிருந்தே அவர் மீன் எங்கே என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழைய பம்பின் இரைச்சல்தான் அவர் தலையைக் கலக்கியிருக்கும் என்று லூர்துராணி நினைத்தாள். இடுப்புப் புண் ஆறி, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு தழும்பு நின்றது. தொட்டியைக் கொடுக்கிற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. எடுக்கவும் தெம்பில்லை.

மூன்று மாதம் கழித்து, மருந்தை மாற்றுவதற்காக வேறொரு நரம்பு மருத்துவரை வீட்டுக்கு அழைத்தார்கள். இளம்பெண். அற்புதசாமியின் முகத்துக்கு எதிரே பேனாவைப் பிடித்து வலமிருந்து இடமாக மெல்ல நகர்த்தினாள். பேனா மூக்கைத் தாண்டியதும் அவர் கண்கள் அங்கேயே நின்றுவிட்டன, பேனா காற்றில் கரைந்ததுபோல.

"சாப்பாட்டுல பாதியை விட்டுடுவாரா?"

"ஆமா டாக்டர். பிடிவாதம்."

"பிடிவாதம் இல்லைங்கம்மா. தட்டைத் திருப்பி வெச்சுப் பாருங்க, சாப்பிடுவாரு. இடது பக்கம் எதுவுமே இவருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்த அன்னைக்கே அந்தப் பக்கம் போயிடுச்சு. டிஸ்சார்ஜ் ஃபைல்ல மூணாவது பக்கத்துல எழுதியிருக்காங்களே. யாரும் சொல்லலையா?"