பெரட்டுக்களத்தில் மாரியாயியின் பேர்

1. யார் கொடுத்த குரல்

மாரியாயியின் பேர் செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் பதிவில் ஏறிய முதல் நாளே வெட்டுப்பட்டது. அப்போது நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் நான் மருத்துவிச்சி. கொழும்பில் பயிற்சி முடித்து வந்தவள் என்பதால் மருந்துச்சாலையையும் என் பொறுப்பிலேயே விட்டிருந்தார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். சுகமில்லாதவர்களை அங்கிருந்தே என்னிடம் அனுப்புவார்கள். அதனால் தினமும் நானும் பெரட்டுக்குப் போவேன்.

பனி இறங்கியிருந்தது. கணக்கப்பிள்ளை அரிக்கன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பேர்களை வாசித்தார். வாசிக்க வாசிக்க இருட்டிலிருந்து குரல்கள் வந்தன. "மாரியாயி" என்றார். பதில் இல்லை. மறுபடியும் "மாரியாயி" என்றார்.

"இருக்குதுங்க ஐயா!" என்று ஆண்கள் நின்ற பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

கணக்கப்பிள்ளையின் பென்சில் நின்றது. "யாருய்யா அது? பேரு பொம்பளப் பேரு, கொரலு ஆம்பளக் கொரலு. மாரியாயிக்கு ராத்திரியோட ராத்திரியா மீச மொளச்சிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாரியாயியின் அப்பா ஆறுமுகம் முன்னால் வந்து, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எம் மகளுங்க. அதுக்குக் காது கேக்காதுங்களே. அதான் நான் சொன்னேன்."

"ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் கொரல் குடுக்கக் கூடாதுன்னு தொர சொன்னது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஆறுமுகத்துக்கு அது தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்பிருந்த கங்காணி ஒருவர், செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் பேர்களையெல்லாம் செக்ரோலில் வைத்துக்கொண்டு, தன் ஆட்களை விட்டுக் குரல் கொடுக்க வைத்துச் சம்பளம் எடுத்தவர். அவரை வெளியே அனுப்பிய வெள்ளைக்காரத் துரை, அன்றிலிருந்து இந்தச் சட்டத்தைப் போட்டார். அடுத்தவர் குரல் கொடுத்தால் அது கள்ளப்பேர். பேரை வெட்டிவிட வேண்டும்.

கணக்கப்பிள்ளை வெட்டினார். மாரியாயி புதுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல், சிரித்த முகமாக நின்றாள்.

2. போத்தல் கழுவ வந்தவள்

ஆறு வயதில் வந்த காய்ச்சலில் மாரியாயிக்குக் காது போயிற்று. நான் வந்த பிறகு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தேன். வைத்தியம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செக்ரோலில் பேர் ஏறியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அம்மா இல்லை. அப்பாவுக்கு இருமல், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இன்னும் அதிக நாள் பிடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். லயத்துக் காம்பரா, அதாவது தோட்டம் கொடுக்கும் வரிசை வீட்டு அறை, வேலை செய்கிறவர்களுக்குத்தான். அப்பா வேலையை விடும்போது மகளுக்குச் செக்ரோலில் பேர் இல்லையென்றால், இருவரும் காம்பராவை விட்டுப் போக வேண்டும். போவதற்கு அவர்களுக்கு வேறு இடமும் கிடையாது, மனிதரும் கிடையாது.

அப்பாவின் இருமல் மருந்துக்கு வரும்போதுதான் அவள் எனக்குப் பழக்கம். கொண்டுவந்த போத்தலை உள்ளே பளபளவென்று கழுவியிருந்தாள். மருந்துச்சாலையில் குவிந்து கிடந்த அழுக்குப் போத்தல்களைப் பார்த்தாள். கேட்காமலே உட்கார்ந்து கழுவத் தொடங்கிவிட்டாள். பிறகு தினமும் மத்தியானம் வந்தாள்.

என் குவாட்டர்ஸ் மருந்துச்சாலைக்குப் பின்னால் இருந்தது. மற்ற உத்தியோகத்தர் வீடுகளில் குடும்பங்கள் இருந்தன. தனியாக இருக்கும் பெண்ணை அவர்கள் விசேஷங்களுக்கு அழைப்பதில்லை. லயத்துக்குப் போனால், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுவார்கள், பேச்சு நின்றுவிடும். பிள்ளை பிறந்தால் கையில் சர்க்கரை தருவார்கள். நான் வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். மழைக்காலத்தில் தகரக் கூரைச் சத்தம் தவிர எனக்குப் பேச்சுத்துணை இல்லை.

மாரியாயியும் நானும் கையால் பேசப் பழகினோம். காதில் விரலைச் செருகினால் கணக்கப்பிள்ளை. அவர் பென்சில் வைக்கும் இடம் அது. நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தால் தொப்பி போட்ட துரை. ஒருநாள், என்னை எப்படிச் சொல்வாய் என்று சைகையில் கேட்டேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். என் மேல் எப்போதும் லைசோல் மருந்து வாடைதான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த இடத்துக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது அவளுக்குக் கேட்கவில்லை.

பேர் வெட்டுப்பட்ட அன்று கணக்கப்பிள்ளை எனக்கு ஒரு யோசனை சொன்னார். "மிஸி, அவ ஒங்ககிட்ட நல்லாத்தான இருக்கா? நீங்களே வச்சுக்கங்க. போத்தல் கழுவட்டும். ஏதோ கையில குடுங்க."

எனக்கும் அது பிடித்த யோசனைதான். ஆனால் போத்தல் கழுவுவது செக்ரோலில் இல்லாத வேலை. என்னை வேறு தோட்டத்துக்கு மாற்றினால் அந்த வேலையும் என்னோடு போய்விடும். என் தயவில் காம்பரா நிற்காது.

3. ஸ்டோருக்குள்

எதையும் தாளில் எழுதிப் பார்ப்பது என் பழக்கம். தோட்டத்தில் உள்ள வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். கொழுந்து: காது வேண்டும், மேலிருந்து கல் உருண்டால் ஆள் கத்தித்தான் எச்சரிப்பார்கள். புல்வெட்டு: அதுவும் அப்படியே. பிள்ளைக்காம்பரா: பிள்ளை அழுவது கேட்க வேண்டும். ஸ்டோர், அதாவது தேயிலை அரைக்கும் பெக்டரி: அங்கே இயந்திரங்கள் இருக்கின்றன, காது கட்டாயம் வேண்டும்.

எழுதி முடித்தபோது அவளுக்கு ஒரு வேலையும் மிஞ்சவில்லை.

ஸ்டோருக்கு எதிரே நான் எழுதியதை நேரில் பார்த்து எழுதவில்லை என்பது பிறகு உறைத்தது. தேயிலைத் தூசியில் இருமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, சல்லடை அறைக்குப் போய் உட்கார்ந்தேன். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, தட்டுகளில் காய்ந்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சல்லடை இயந்திரங்கள் ஆடின. எனக்கு என் இருமலே கேட்கவில்லை.

அந்தச் சத்தத்தில் பாக்கியம் என்ற பெண் எதிரே இருந்தவளிடம் தன் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசையவில்லை. முதுகை வளைத்தாள், பானைக்குள் எட்டிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். எதிரே இருந்தவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ஒரு குச்சியை எடுத்து அவள் மேல் எறிந்தார்.

நான் எழுந்து போய், டீமேக்கர் காதருகே மாரியாயியைப் பற்றிக் கத்தினேன். அவர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் என்னை வெளியே அழைத்துவந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"காது கேக்காத ஆளு உள்ள சரிவராதுன்னு சொன்னேன்."

"அத உள்ளயே சொன்னீங்களா ஐயா?"

"ரெண்டு தரம் சொன்னேனே!"

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்தது. "பெல்ட் பக்கம் அவ வரவே கூடாது. செவுத்தோரம் உக்காந்து குச்சி பொறுக்கட்டும். ஆனா செக்ரோல்ல பேரு இல்லாம நான் ஆளு எடுக்க ஏலாது. அது கணக்கப்பிள்ளையோட பாடு."

4. நிமிர்ந்த தலை

கணக்கப்பிள்ளை கெட்டவர் அல்ல. சட்டத்தை மீறினால் முதலில் போவது தன் வேலைதான் என்று பயந்தவர்.

"பேரக் கூப்புட்டா அவ கைய தூக்குவான்னு சொல்றீங்க. அந்தப் பனியில யாரு கைன்னு நான் தேடிக்கிட்டு இருக்க முடியுங்களா மிஸி?"

"அவ பேரு வர்றப்ப மட்டும் தலைய நிமித்தி, பென்சிலத் தூக்குங்க. அவ பாத்துட்டுக் கூடையத் தூக்குவா."

"சட்டப்படி கொரல்தான் வேணும்."

"கள்ளப்பேரு வரக்கூடாதுன்னுதானுங்களே அந்தச் சட்டம்? கொரல யாரும் குடுக்கலாம் ஐயா. மூஞ்சிய யாரு குடுக்க முடியும்?"

அவர் பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். பிறகு, "தொரகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றார். ஒரே ஒரு காலை மட்டும் செய்து பார்க்கத் துரை சம்மதித்தார். சரியாக நடந்தால் பேர் நிற்கும். இல்லையென்றால் இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

மாரியாயிக்குச் சொல்லிக் கொடுத்தேன். காதில் விரல், பிறகு பென்சில், பிறகு கூடை. அவள் தலையாட்டினாள்.

அன்று காலை அவளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். நான் நோயாளிகளோடு ஓரமாக நின்றேன். அவள் பேருக்கு இன்னும் சில பேர்கள் இருக்கும்போதுதான் கவனித்தேன்: அவள் கணக்கப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளுக்கு என் கைதான் சொல்லியிருக்கிறது. இதையும் அதுவே சொல்லும் என்று காத்திருந்தாள்.

நான் கையை அசைத்தால் அது அடுத்தவர் கொடுத்த குரல். அவள் அப்பா செய்ததைத்தான் நானும் செய்தவளாவேன்.

திரும்பி நின்றுகொண்டேன். என் முதுகு மட்டும் அவளுக்குத் தெரியும்படி, கீழே பள்ளத்தாக்கில் கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாரியாயி."

சத்தமில்லை. யாரோ இருமினார்கள். ஆறுமுகமாக இருக்கும், வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"முனியம்மா" என்று அடுத்த பேரைக் கூப்பிட்டார் கணக்கப்பிள்ளை. "இருக்கேனுங்க" என்றாள் முனியம்மா.

மாரியாயியின் பேரை அவர் மறுபடி கூப்பிடவில்லை; அவள் கூடையைத் தூக்கிவிட்டாள் என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. திரும்பியபோது கூடையை இன்னும் தலைக்கு மேலே தூக்கியபடியே நின்றாள். இறக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஐயா!" என்று கத்தினாள் பாக்கியம். "இத்தன வருசமா கொரல் குடுக்குறோம், எங்க மூஞ்சிய ஒருநாளாச்சும் பாத்தீங்களா? நாளையிலருந்து நாங்களும் செவிடுதான்!"

"வாய மூடு பாக்கியம். ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கணக்கு தப்பிரும்" என்றார் கணக்கப்பிள்ளை. பெரட்டுக்களம் முழுக்கச் சிரித்தது. மாரியாயியும் சிரித்தாள்.

5. மூக்கைப் பிடித்தவர்கள்

சில மாதங்களில் ஆறுமுகம் வேலையை விட்டார். காம்பரா மகள் பேரில் நின்றது. மாரியாயி மருந்துச்சாலைக்கு வருவது குறைந்து, பிறகு நின்றது. ஸ்டோர் விட்டதும் பாக்கியத்தோடும் மற்றவர்களோடும் கைகளை ஆட்டிக்கொண்டே லயத்துக்கு இறங்கிப் போவாள். ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது; புதுச் சைகைகள் வந்திருந்தன.

ஒருநாள் சல்லடை அறைக்கு இருமல் பார்க்கப் போனேன். நான் வாசலில் கால் வைத்ததும், வரிசையில் ஒருத்தி மூக்கைப் பிடித்தாள். அடுத்தவளும் பிடித்தாள். சுவரோரம் வரை எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கடைசியில் மாரியாயி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாக்கியம் எழுந்து என் காதில் கத்தினாள்: "கோவிச்சுக்காதீங்க மிஸி! அது ஒங்க பேருங்க!"

அன்று மாலை மருந்துச்சாலையில் போத்தல்கள் குவிந்திருந்தன. மழை பெய்துகொண்டிருந்தது. விளக்கை ஏற்றிவிட்டு நானே உட்கார்ந்து கழுவினேன்.

இந்த வேலைக்கு வரப்போகும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். இப்படி ஒரு பிள்ளைக்கு வேலை தேடும்போது, அவளால் முடியாததை வைத்துப் பட்டியல் போடாதீர்கள். நான் போட்ட அந்தப் பட்டியலில் ஒன்றும் மிஞ்சவில்லை. வேலை நடக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்கே ஒருவர் தலை நிமிர்ந்தால் போதும் என்று கண்டுபிடியுங்கள். அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் திரும்பி நில்லுங்கள். அதன் பிறகு போத்தல்களை நீங்கள்தான் கழுவ வேண்டியிருக்கும்.