குழாயடியில் கூப்பிட்ட குரல்

பேய், பிசாசு, ஜின் என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேல இல்லியாடி ஒங்களுக்கு" என்று எழுந்து போய்விடுகிறவள் நான். கோவளத்தில் எங்கள் தெருவுக்கு வந்து ஜைனம்பு எப்படிப்பட்டவள் என்று விசாரித்துப் பாருங்கள், வாய்க்காரி என்பார்கள், பிடிவாதக்காரி என்பார்கள், பொய்க்காரி என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், முழுதும் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு மாதிரி சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டம் இல்லை. நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் காதர், கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். படகு வந்து மணலில் மீனைக் கொட்டியதும் அவர் குரல் எழும்பும் பாருங்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கே இன்றைக்கு வஞ்சிரமா சங்கராவா என்று தெரிந்துவிடும். அந்தக் குரல்தான் எங்கள் வீட்டுச் சோறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஏலத்தின் நடுவிலேயே வாய் ஒரு பக்கமாகக் கோணி மணலில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ரோக். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அல்லா புண்ணியத்தில் உயிர் பிழைத்தது, கால் ஓரளவு நடக்க வந்தது, கையும் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. 'பெ... பெ...' என்பார், அதற்கு மேல் எதுவும் வராது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கடற்கரையையே அதட்டிய மனுஷன் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் சொம்பைக் காட்டுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு விஷயம் சொன்னாள். "டெய்லி ஒரே நேரம், ஒரே இடம், பழகின வார்த்தையா சொல்லிக் குடுங்கம்மா. விட்டுடாதீங்க." விடுவதா, நானா?

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குழாயும் பக்கத்தில் சிமெண்ட் மேடையும் உண்டு. தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவி ஒளு செய்கிற இடம் அது. ஐந்து வேளையும் ஒளு செய்கிற தண்ணீர் வீணாகாமல் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஓடுகிற மாதிரி அவரே மண்ணை வெட்டி வழி செய்திருந்தார். அதனால் வருஷம் முழுக்க அங்கே ஈரம். ஈரம் இருந்தால் தவளை வராமல் இருக்குமா? பூந்தொட்டிக்கு அடியில், செங்கல் இடுக்கில், குழாய் மேடைக்குக் கீழே, எங்கே பார்த்தாலும் சொறித்தவளை. அவர் நன்றாக இருந்த காலத்தில் ஒளு செய்யும்போதெல்லாம் அவற்றோடு பேசிக்கொண்டுதான் செய்வார், "நவுருங்கடா, நவுருங்கடா, நானும் தொழணும்ல" என்று. அதனால் அந்த இடத்தையே பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தேன். தினமும் அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழ்ந்ததும் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்து எதிரில் நான் உட்காருவேன். "தண்ணி. சொல்லுங்க, தண்ணி." "பெ." "தண்ணி." "பெ." இப்படியே ஏழு மாதம், ஒரு நாள் தவறாமல்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் பேஜார் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆனால் போதும், அத்தனை தவளையும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிக்கும், நான் சொல்வது எனக்கே கேட்காது. அதைவிடக் கொடுமை, அவர் என் வாயைப் பார்க்காமல் தலையைத் திருப்பித் தவளைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "இங்க பாருங்க" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவேன், மறுபடியும் அங்கேயே போகும். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆனால் தவளையைக் கொல்லக் கூடாது, அதன் சத்தமே அல்லாவைத் துதிப்பதுதான் என்று சின்ன வயதில் மதரஸாவில் சொல்லிக்கொடுத்தது மனசில் ஊறிப்போயிருக்கிறது. கொல்லத்தானே கூடாது, கொண்டுபோய் விடலாம் இல்லையா? கையில் கேரி பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்து, பழைய பெயிண்ட் வாளியில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு நேராக முட்டுக்காடு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கேதான் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லையே.

கரையில் வாளியைக் கவிழ்த்தேன். ஒன்றாவது தண்ணீருக்குள் போக வேண்டுமே, எல்லாம் என் காலைச் சுற்றியே நின்றன. நான் காலால் தள்ளிவிட்டேன், இரண்டு மூன்று உள்ளே விழுந்து அப்படியே விறைத்துப் போயின. பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"அடிப் பாவி, இன்னாடி பண்ணிகினு கீற?"

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, இறால் வாங்க வந்தவள், கூடையோடு நிற்கிறாள்.

"வூட்ல ஒரே சத்தம்க்கா. கொல்லக் கூடாதுன்னு இங்க கொண்டாந்து உடுறேன்."

"உப்புத் தண்ணிலயா? மொத்தமா செத்துப் பூடும்டி! கடக்கரைல பொறந்தவதான நீ? அறிவு கீதா ஒனக்கு?"

கடற்கரையில் பிறந்தவள்தான், அது கடலும் ஏரியும் கலக்கிற உப்புத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் புத்தியில் ஏறவில்லை. பாவம் செய்யக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, அதையே செய்ய இருந்தேன். அடித்துப் புரண்டு துப்பட்டாவால் ஒவ்வொன்றாக அள்ளினேன், விறைத்தவற்றைப் பாட்டில் தண்ணீரால் கழுவினேன், ஸ்டெல்லா அக்காவும் திட்டிக்கொண்டே பிடித்துக் கொடுத்தாள், ஒன்றும் சாகவில்லை. வீட்டுக்கு வந்து குழாயடியில் கொட்டும்போது எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை. "இம்மாஞ் சத்தம் வச்சிருக்கீங்களே, அதுல ஒரே ஒரு வார்த்தைய அந்த மனுஷனுக்குக் குடுத்தா கொறஞ்சா பூடுவீங்க?" என்று அவற்றைப் பார்த்துக் கத்தினேன். யாராவது கேட்டிருந்தால் எனக்கும் மருந்து கொடுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு மூன்றாம் நாள். பயிற்சி முடிந்து அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். சூரியன் மறைந்து மக்ரிபு பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது, நல்ல வெளிச்சம், தூறல் போட்டுக்கொண்டிருந்தது, தவளைகள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. ஃபேனை அணைத்தால்கூடக் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தானே நிற்கும், இது அப்படிக்கூட இல்லை. அப்போது கேட்டது.

"ஜைனூ!"

ஊருக்கே நான் ஜைனம்பு. பெற்றவர்களுக்கும் ஜைனம்புதான். ஜைனூ என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. அதுவும் அந்தக் குரல், ஸ்ட்ரோக்குக்கு முந்தைய குரல், கடற்கரைக் குரல். நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் நாற்காலியில் இருக்கிறார், வாய் இறுக மூடியிருக்கிறது. அவருக்கு முன்னால் தவளைகள் எல்லாம் வரிசையாக, அவரையே பார்த்தபடி, ஒன்றுகூட அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன.

நம்புகிறவர்கள் நம்புங்கள், அவருடைய மூடிய வாயை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் தடவை கேட்டது. "ஜைனூ!" கறிவேப்பிலைச் செடியின் அடியிலிருந்து, தரையோடு தரையாக. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, ஆனால் அவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஜை..." என்றார். பிறகு, கம்மிப்போன, தேய்ந்த குரலில், "ஜைனூ" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் மடியில் தலை வைத்து ஓவென்று அழுதேன். தவளைகள் கலைந்து தொட்டிக்கு அடியில் போய்விட்டன.

பொத்தேரியில் இருக்கிற மகள் ரிஸ்வானாவுக்கு உடனே போன் போட்டேன், "அத்தா பேசிட்டார்டி" என்று. அந்த முதல் இரண்டு தடவையைப் பற்றி அவளிடம் மட்டும் ரொம்ப நாள் கழித்துச் சொன்னேன். "அத்தாவோட பழைய வாய்ஸ் நோட் ஏதாவது ஓடியிருக்கும்மா" என்றாள். என்னுடைய போன் அலமாரியில் சார்ஜில் இருந்தது, அவர் போன் அவளிடமே இருந்தது, இதைச் சொன்னதும் அவள் பேச்சை மாற்றிவிட்டாள். நானும் மனசுக்குள், ஏழு மாதமாகக் கேட்க ஏங்கிய குரல், காதே ஏமாற்றியிருக்கும் என்று முடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பேச்சு ஒவ்வொன்றாக வந்தது. தண்ணி, சோறு, ரிஸ்வானா, வஞ்சிரம். இப்போது கடற்கரைக்குப் போகிறார், சின்னக் கூடைகளை மெதுவாக ஏலம் விடுகிறார், கூட்டமும் பொறுமையாக நிற்கிறது. ஆனால் ஒன்று, என்ன பயிற்சி கொடுத்தாலும் அவருக்குக் கேள்வி கேட்க மட்டும் வரவில்லை. பதில் சொல்வார், பெயர் சொல்வார், கேட்க மாட்டார். காலையில் கடற்கரையிலிருந்து போன் பண்ணி "சாப்ட்டியா?" என்று கேட்காமல் ஒரு நாளும் ஏலத்தைத் தொடங்காத மனுஷன் அவர். ஒருத்தர் உங்களிடம் எதையுமே கேட்காமல் கூடவே வாழ்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, பேச்சு வந்த பிறகு அவர் அந்தக் குழாயடியில் உட்காருவதே இல்லை. ஒளுவைக்கூட உள்ளே குளியலறையில்தான் செய்கிறார். போன மாதம் முதல் மழை பெய்த அன்றைக்கு, ஏன் அங்கே உட்காருவதில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"மொதல்ல... நான் கூப்டல, ஜைனூ."

"பின்ன?"

"என் கொரலு. கீழ இருந்து. அதக் கேட்டுதான்... நானும்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வருஷமாக நான் ஒருத்திதான் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "பயமா இருக்குங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. நேற்று சாயங்காலம் அவர் கடற்கரையில் இருக்கிறார், வீட்டில் நான் மட்டும். நல்ல மழை. கொல்லையில் அத்தனை சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கறிவேப்பிலைச் செடியின் அடியிலிருந்து, அதே பழைய குரலில், தெளிவாக, "சாப்ட்டியா, ஜைனூ?"

என்னையும் அறியாமல், "இன்னும் இல்லீங்க" என்று பதில் சொல்லிவிட்டேன்.

இதை நீங்கள் என்னவென்று நினைத்தாலும் சரி. இன்றைக்கு அஸர் தொழுகை முடிந்ததும் அந்த மனுஷன் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் குழாயடி நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறேன். என் பெயர் அப்படித்தானே அவருக்கு வந்தது, கேள்வியும் வரட்டும்.