எரித்துவிட்ட பின்னல்

என் அலுமாரியில் ஒரு சிவப்பு ரிப்பன் கிடக்கிறது. கொதிநீரில் அவித்ததால் நிறம் மங்கிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மேல் எனக்கே ஆத்திரம் வரும்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலோரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் தாதி. பாலாவி உப்பளத்தில் வேலை செய்த வன்னித் தாய் ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட ஒன்பது வயது மகளைத் தூக்கி வந்தாள். தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் நாற்றம் அடித்தது. இடுப்பு வரை நீண்ட பின்னல், நுனியில் சிவப்பு ரிப்பன்; அடிமுடி சீழோடு ஒட்டிச் சடைபிடித்து, உள்ளே பேன் மொய்த்தது. பிடரியில் நெறி கட்டியிருந்தது. மண்ணெண்ணெய் வேறு தேய்த்துத் தோல் வெந்திருந்தது. பிள்ளை இரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்தாள்.

"ஏன் புள்ள, முந்தியே வெட்டியிருக்கலாமே?" என்று தாயிடம் சத்தம் போட்டேன்.

"தலவிலக் கோயில் அன்னம்மாளுக்கு முடி நேர்த்திக்கடன், மிஸ்ஸி. காணாமல் போன இவளின்ர அப்பா வந்து, தன்ர கையாலதான் வெட்ட வேணும்."

கிருமி இரத்தத்தில் ஏறினால் பிள்ளை தப்பாது என்றார் டொக்டர். அவள் மகளையே பார்த்திருந்தாள். பிறகு, "வெட்டுங்கோ. பின்னலை மட்டும் எனக்குத் தாங்கோ. அவர் வந்ததும் கோயில்ல குடுப்பம்" என்றாள். "ஓம், ஓம்" என்றேன். வேலை அவசரத்தில் சொன்ன ஓம்.

வெட்டினோம். புண்ணைக் கழுவி ஊசி போட்டோம். தாய்க்கும் பேன் மருந்து பூசி, ஒரு கிழமை கழித்து மறுபடி பூசச் சொன்னோம். பிள்ளை சில நாளில் தேறினாள். பின்னலை மட்டும், பேன் பரவும் என்று, கழிவோடு நானே எரித்தேன்; ரிப்பனை மட்டும் கழற்றிக் கொதிநீரில் அவித்து வைத்தேன். பையில் இறுக்கிக் கட்டி இரண்டு கிழமை வைத்திருந்தால் பேனும் ஈரும் செத்திருக்கும். அது எனக்குத் தெரியாததா?

வெட்டிய மறுநாள் தாய் உப்பளத்தில் வேலை முடிந்து வந்து பின்னலைக் கேட்டாள். எரித்துவிட்டதைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. மகளின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "அப்ப அவர் இனி வரமாட்டார்" என்றாள். ரிப்பனை மட்டும் எடுத்து நீட்ட வெட்கப்பட்டு, அதை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

போன வருடம் தலவிலத் திருவிழாவில் முதலுதவிக் கடமையில் இருந்தபோது இருவரையும் கண்டேன். மகள் குமராகியிருந்தாள், முடியைத் தோளுக்கு மேல் கத்தரித்திருந்தாள். மன்னிப்புக் கேட்டு, அவர்களைக் காணலாம் என்று கொண்டு போயிருந்த ரிப்பனை நீட்டினேன். தாய் என் விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டாள்.

"உங்களிட்டயே இருக்கட்டும், மிஸ்ஸி. அவர் வந்தால் வாங்க வாறம்."

ரிப்பன் இன்னும் என் அலுமாரியில்தான் கிடக்கிறது.