ஓடுகிற சர்வரைத் தொட்ட கதை

தொட்டால் "ஏன் தொட்டாய்", தொடாவிட்டால் "ஏன் தொடவில்லை": சர்வர் பராமரிக்கிற எங்கள் தொழிலில் கேள்வி இந்த இரண்டுதான். என்னோடு சேர்ந்து அவஸ்தைப்படுகிற ஜீவன்களுக்கு இது புதிதில்லை.

தொடணுமா?

விழிஞ்ஞத்தில் ஸ்டீபன் அண்ணனுக்கு மீன் வைக்கும் குளிர்கிடங்கு. உள்ளே குளிர் குறைந்தால் சுவரில் இருக்கிற கருவி சர்வருக்குச் சொல்லும். சர்வர் அண்ணனுடைய செல்போனை அலறவிடும். இந்தப் பேச்சில் வெளியாள் புகாதபடி பூட்டுப் போடுவது சர்வரில் இருக்கிற பாதுகாப்பு லைப்ரரி என்கிற மென்பொருள். அதில் ஓட்டை என்று அறிவிப்பு வந்துவிட்டது. புதுசு போட்டால் பழைய கருவிகளுக்கு அதன் பாஷை புரியாமல் போகலாம். போடாவிட்டால் எவனும் உள்ளே நுழையலாம். எப்படியானாலும் அலாரம் ஊமையானால் கிடங்கு மீன் மொத்தமும் நாறிவிடும். இதையெல்லாம் அண்ணனிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன். குளச்சலிலிருந்து வந்து குடியேறிய மனுஷன், நிதானமாகக் கேட்டார்: "இப்பம் ஓடுதுல்லா? பின்ன எதுக்குத் தம்பி தொடணும்?"

மீடியம்

கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸ். ரிஸ்க் எவ்வளவு என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும். "ஹை" என்று எழுதினேன். மேனேஜர் பிந்து மேடம் எல்லையோரப் பாறசாலைக்காரர். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். "ஹைன்னா கஸ்டமர் பயப்படுவாரு. லோன்னா நாம பயப்படணும். மீடியம் போட்டா மதி, கேட்டோ." அது போதுமாம்; அப்படியே போட்டேன்.

எல்லாம் பச்சை

நிஜ சர்வரைத் தொடுமுன் ஆபீசில் ஒரு பழைய மெஷினில் ஒத்திகை. கிடங்கில் இருப்பது போலவே ஒரு கருவியை மாட்டி, கூட வேலை பார்க்கிற அனீஷ் புது லைப்ரரியை ஏற்றினான். கருவி அழகாகப் பேசியது, திரையெங்கும் பச்சை. சந்தோஷத்தில் எல்லோருக்கும் பழம்பொரி, அதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிவந்தான். நானும் ரெண்டு தின்றேன். நாளைக்கே விழிஞ்ஞம் என்று முடிவாயிற்று.

சாயங்காலம் மழை, கரண்ட் போனது. திரும்ப வந்ததும் மெஷின் எழுந்தது. கருவி மட்டும் வாயே திறக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், லைப்ரரியைப் புதுசாக்கிய நாங்கள் அலாரம் புரோகிராமை ஒருமுறை நிறுத்தித் தொடங்கவில்லை. அது பழைய லைப்ரரியையே நினைவில் பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஓடியிருக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகுதான் புதுசை எடுத்தது, கருவிக்கு அதன் பாஷை புரியவில்லை. இதையே அண்ணன் கிடங்கில் செய்திருந்தால்? அனீஷ் மெதுவாகக் கேட்டான்: "அப்போ பழம்பொரி தின்னது பழைய லைப்ரரிக்கா, சேட்டா?"

கிடங்குக் கதவு

முதலில் கருவிகளை மாற்றினோம், பிறகு லைப்ரரி, பிறகு மறக்காமல் சர்வரையே அணைத்து மறுபடி போட்டோம். சோதித்துப் பார்க்கக் கிடங்குக் கதவைத் திறந்துவைத்தேன். உள்ளே குவியல் குவியலாக அயிலை மீன். அண்ணன் செல்போன் பேசவில்லை. மீனையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்புறம் அலறியது பாருங்கள், அப்பாடா என்று இருந்தது. அண்ணன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "முன்ன அடிச்ச மாதிரித்தான் அடிக்கு. பின்ன என்னத்தத் தம்பி மாத்தினிய?"

என்ன மாற்றினேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த "மீடியம்" ரிஸ்க்கைச் சரியாக மதிப்பிட்டது நானுமில்லை, பிந்து மேடமுமில்லை, அன்றைக்குச் சாயங்காலம் போன கரண்ட்தான்.